பாலக்காட்டுக் கணவாயில் பழைய பட்டாளப் பொத்தான்களும் பெல்ட் பக்கிள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்து ஆட்களிடமிருந்து வரும் கேள்விகள் இவை. தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ ஆக்ரிக் கடையின் (பழைய சாமான் கடை) பித்தளைக் குவியலிலோ எதையோ பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். பொத்தானும் பக்கிளும் ஒரே ஆளின் உடம்பில் இருந்தவைதானே, அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கையில் ஒரு பொத்தான் கிடைத்தது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பின்பக்கத்தை. முன்பக்கத்துச் சிங்கமும் கிரீடமும் கண்ணைக் கட்டிவிடும். பொத்தானின் வயதும் பிறந்த ஊரும் பெரும்பாலும் பின்னால்தான் இருக்கின்றன.

பின்னால் பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது, கட்டுமானம். ஒரே தகடாகத் தட்டையாக இருந்து, பின்னால் ஒரு கம்பி வளையம் பற்றவைத்திருந்தால் அது பழைய முறை. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அப்படித்தான் செய்தார்கள். முன்னால் ஒரு மெல்லிய ஓடு, பின்னால் ஒரு தட்டு, இரண்டையும் விளிம்பில் மடித்து இணைத்து உள்ளே வெற்றிடம் என்றால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மிங்ஹாமில் பரவிய முறை. நம் பக்கம் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த ரகம். எலும்புத் தட்டின்மேல் வெள்ளித் தகட்டைப் போர்த்திய 18ஆம் நூற்றாண்டு அதிகாரிகளின் பொத்தான் கிடைத்தால், தயவுசெய்து தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, செய்தவர் பெயர். ஃபிர்மின் லண்டன், ஜென்னன்ஸ் லண்டன், ஹாமண்ட் டர்னர் பர்மிங்ஹாம், ஜே.ஆர். காண்ட் பர்மிங்ஹாம் ஆகிய பெயர்கள் அடிக்கடி வரும். காண்ட் நிறுவனம் 1884இல் தொடங்கியது. எனவே அந்தப் பெயர் இருக்கிற பொத்தானை யாராவது 1857 கலகத்தில் கிடைத்தது என்று விற்றால் சிரித்துவிட்டு நகரலாம். ஃபிர்மின் மிகப் பழைய நிறுவனம், பல தலைமுறையாக ஓடுவது. அதனால் பெயர் மட்டும் போதாது, கூடவே பொறித்திருக்கும் தெரு முகவரியையும் எழுத்தின் அமைப்பையும் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, முலாம். 1840இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் குடும்பம் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. அதற்கு முன்னால் பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். அந்தப் பழைய முலாம் கனமாக, ஆழ்ந்த மஞ்சளாக நிற்கும். பின்பக்கத்தில் ‘டிரெபிள் கில்ட்’ என்று இருந்தால் மும்மடங்கு முலாம் என்று செய்தவர் பீற்றிக்கொண்டது. மும்மடங்கா என்பது அவருக்கே வெளிச்சம்.

கிரீடத்தை வைத்துக் காலம் சொல்லலாமா?

சொல்லலாம், கொஞ்சம் ஜாக்கிரதையாக. 1901 முதல் 1952 வரை பிரிட்டிஷ் மன்னர்கள் காலத்துக் கிரீடத்தில் மேல் வளைவுகள் குடைபோல உருண்டு உயர்ந்திருக்கும். சேகரிப்பவர்கள் அதை ராஜா கிரீடம் என்பார்கள். எலிசபெத் ராணி வந்த பிறகு, 1953 வாக்கில், நடுவில் பள்ளமாக இறங்கும் வளைவுகளோடு கிரீடம் மாறியது. இது ராணி கிரீடம்.

சிக்கல் எங்கே என்றால், 1901க்கு முந்தைய விக்டோரியா காலத்துக் கிரீடம் ஒரே மாதிரி வரையப்படவில்லை. அதிலும் பள்ளம் விழுந்த வடிவங்கள் உண்டு. ஆக, பள்ளக் கிரீடம் என்றால் ஒன்று மிகப் பழசு, அல்லது மிகப் புதுசு. கையில் எடுத்துப் பாருங்கள். இறகுபோல லேசாக, துருவும் களிம்பும் இல்லாமல் பளபளவென்று தங்க நிறத்தில் இருந்தால் அது அலுமினியத்துக்குச் சாயமேற்றிய ‘ஸ்டேபிரைட்’ ரகம். 1950களுக்குப் பிறகு வந்தது.

நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. 1950 ஜனவரி 26இல் இந்தியா குடியரசானது. இந்தியப் படையின் சின்னங்களில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. எலிசபெத் ராணி பதவியேற்றது அதற்குப் பிறகு, 1952இல். எனவே ராணி கிரீடம் போட்ட பொத்தான் எதுவும் இந்தியப் படையுடையதாக இருக்க முடியாது. அப்படியானால் சித்தூர்க்காரர் வீட்டில் அது எப்படி? சிங்கப்பூர் பிரிட்டிஷ் தளங்களில் மலையாளிகளும் தமிழர்களும் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டால், சித்தப்பாவோ பெரியப்பாவோ அங்கே இருந்த கதை வெளியே வரும்.

எழுத்துகளும் உதவும். வி.ஆர். என்றால் விக்டோரியா. கடைசியில் ஐ சேர்ந்து வி.ஆர்.ஐ. என்று வந்தால் 1877க்குப் பிறகு, அவர் இந்தியாவின் பேரரசி என்ற பட்டம் சூடிய காலம். ஜி.ஆர்.ஐ. என்றால் ஜார்ஜ் மன்னர்கள். இந்தப் ‘பேரரசர்’ பட்டத்தை 1948இல் கைவிட்டார்கள்.

சிங்கம் கிரீடத்தைப் பிடித்திருக்கிறது. கம்பெனி காலமா?

எழுந்து நிற்கும் சிங்கம் முன்னங்கால்களில் கிரீடம் ஏந்தியிருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம்தான். 1858இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து அரசியிடம் போனது, அதோடு இந்தச் சிங்கமும் போனது. ஆனால் 1818 என்று போட்டு ராமரும் அனுமனும் அச்சிட்ட ‘கம்பெனி காசு’ ஒன்று ஊரெல்லாம் சுற்றுகிறதே, முழுக்கக் கற்பனை, அதை விற்பவரே பொத்தானையும் விற்றால் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பாருங்கள்.

யானையும் புலியும் இருந்தால் திப்பு காலத்துச் சாமானா?

பாலக்காட்டுக் கோட்டையை 1766இல் ஹைதர் அலி கட்டினார், 1790இல் பிரிட்டிஷார் கடைசியாகப் பிடித்தார்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததால் இந்தப் பக்கத்தில் கிடைக்கிற பித்தளைப் புலி எல்லாம் திப்புவின் கணக்கில் ஏறிவிடுகிறது.

உண்மையில் புலிப் பொத்தான் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் ரெஜிமெண்ட்டை. இந்தியாவில் நீண்ட காலம் இருந்ததற்காக 1825இல் அதற்குப் புலிச் சின்னமும் ‘ஹிந்துஸ்தான்’ என்ற சொல்லும் கிடைத்தன. ஆக, ஆங்கிலத்தில் ஹிந்துஸ்தான் என்று எழுதிய புலி, லெஸ்டர்க்காரர்களின் புலி. குண்டு வெடிப்பதுபோன்ற சின்னத்தில் புலியும் யானையும் சேர்ந்து வந்தால் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ். பெயர் அயர்லாந்து, ஆனால் அதன் ஒரு பாதி கம்பெனியின் சென்னை ஐரோப்பியப் படையிலிருந்து வந்தது. 1881இல் சேர்த்தார்கள், 1922இல் கலைத்தார்கள். ஆக, அந்தப் பொத்தானுக்கு நாற்பத்தோரு வருஷ எல்லை கிடைக்கிறது. ஒரு பொத்தானிடம் இதைவிட என்ன கேட்பது?

யானை என்றால் 1803இல் மராத்தாக்களோடு நடந்த அஸ்ஸாயே போர். அதில் சண்டையிட்ட ஸ்காட்லாந்துப் படைகளுக்கும் சென்னைப் படைகளுக்கும் யானைச் சின்னம் கிடைத்தது. இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் யானையும் அந்த வழியில் வந்ததுதான். அதன் தலைமையகம் நீலகிரியில் வெலிங்டன்.

எண்கள் வந்தால் இன்னொரு கணக்கு. 1903 சீரமைப்பில் சென்னைக் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டினார்கள். 1ஆம் மெட்ராஸ் பயனியர்ஸ் 61 ஆனது. 19ஆம் மெட்ராஸ் காலாட்படை 79ஆம் கர்நாடிக் காலாட்படை ஆனது. 1922இல் மறுபடி எல்லாம் மாறியது. எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம், பிரிட்டிஷ் படைகளுக்கும் அதே எண்கள் இருந்தன.

சங்கு போட்ட பொத்தான்கள் எல்லாம் திருவிதாங்கூர் பட்டாளமா?

வலம்புரிச் சங்கு திருவிதாங்கூர்ச் சின்னம். அது சரி. பட்டாளமா என்பதுதான் கேள்வி. போலீஸ்காரர், அஞ்சல் சேவகர், அரண்மனை ஊழியர் எல்லாருமே அந்த அரசின் ஆட்கள். அங்கே ‘அஞ்சல்’ என்று தனித் தபால் இலாகாவே இருந்தது. பின்பக்கமும், சுற்றியுள்ள எழுத்தும் இல்லாமல் சங்கை மட்டும் பார்த்து ‘நாயர் பிரிகேட்’ (திருவிதாங்கூர்ப் பட்டாளம்) என்று எழுதி வைக்க வேண்டாம். அந்தப் பெயர் 1830இல் வந்தது.

நம் பகுதிக்கு ஒரு தனிச் சுவை உண்டு. பாலக்காடு பிரிட்டிஷ் மலபாரில், சென்னை மாகாணத்தின் கீழ். பக்கத்திலேயே இருக்கும் சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில். மாட்டுவண்டி தூரத்தில் அரசாங்கமே மாறிவிடும். ஆகவே சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் பல்லக்கு, குடை, விளக்கு, சங்கு நான்கும் சேர்ந்த சின்னம் வரும், அது கொச்சி. பல்லக்கைத் தேடுங்கள், குழப்பம் தீரும். திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 ஜூலை 1இல் இணைந்தன. இரண்டின் படைகளும் பிறகு இந்தியத் தரைப்படையில், மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் போய்ச் சேர்ந்தன. சமஸ்தானச் சின்னம் உள்ளது எதுவும் அந்தத் தேதிகளுக்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துகள் மட்டும் இருக்கின்றன: எஸ்.ஐ.ஆர்., எம்.எஸ்.எம்., எம்.எஸ்.பி. இவை எந்தப் படை?

முதல் இரண்டும் ரயில்வே. தென்னிந்திய ரயில்வே, மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா ரயில்வே. போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக்குப் போகும் பாதை முதலில் மெட்ராஸ் ரயில்வேயுடையது, 1908இல் தென்னிந்திய ரயில்வேயிடம் வந்தது. 1951 ஏப்ரல் 14இல் எல்லாம் சேர்ந்து தெற்கு ரயில்வே. எம்.எஸ்.பி. என்றால் 1921 மாப்பிள்ளைக் கலகத்தின்போது மலப்புரத்தில் உருவான மலபார் ஸ்பெஷல் போலீஸ்.

ரயில்வே என்றதும் முகம் சுளிக்கிறார்கள். பட்டாளம் இல்லையே என்று. என்னைக் கேட்டால் மெட்ராஸ் ரயில்வே பொத்தான்தான் இந்த ஊருக்கு உரிய சாமான். லண்டனில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் ராணுவப் பொத்தானைவிட எனக்கு அது பெரிது.

ஒரு பெரிய பித்தளை வில்லை கிடைத்தது, பெல்ட்டில் மாட்டுவது. எந்த ரெஜிமெண்ட்?

பத்துக்கு எட்டு ரெஜிமெண்ட்டே இல்லை, தாலுகா ஆபீஸ். வில்லைச் சேவகர், டபேதார், தலையாரி ஆகியோர் தோளில் டவாலி என்ற குறுக்குப் பட்டை மாட்டி அதில் இலாகாப் பெயர் பொறித்த வில்லை வைத்திருந்தார்கள். கலெக்டர் அலுவலகம், முன்சீப் கோர்ட், வனத்துறை எல்லாவற்றுக்கும் உண்டு. எழுத்தைக் கையால் வெட்டியிருப்பார்கள், எண்ணும் இருக்கும். ஆங்கிலத்தோடு தமிழும் மலையாளமும் சேர்ந்து வருவதும் உண்டு. பட்டாளத்து வார் தகடு அச்சில் அடித்தது, விளிம்பு கூர்மையாக, பின்னால் தோலில் மாட்டக் கொக்கிகளோ ஆணிகளோ இருக்கும். பிரிட்டிஷ் அதிகாரிகள் குறுக்கு வாரில் நெஞ்சுமேல் போட்ட தகடு 1855 வாக்கில் வழக்கொழிந்தது. அது அசலாகக் கிடைத்தால் பெரிய விஷயம், அதனால்தான் அதில் போலியும் அதிகம்.

துணிப் பெல்ட்டின் பித்தளைப் பக்கிளில் ஒரு அம்புக்குறி இருக்கிறது. அது என்ன?

மூன்று கோடுகள் மேலே ஒன்றுசேரும் அந்த அம்பு பிரிட்டிஷ் ராணுவத் தளவாடத்தின் சொத்து முத்திரை. அம்போடு ஐ என்ற எழுத்து சேர்ந்தால் இந்தியாவில் ஏற்றுக்கொண்டது. சி எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா. இரண்டாம் உலகப் போரில் நம் ஆட்கள் கட்டியது பெரும்பாலும் 1937 ரகத் துணிப் பெல்ட். முன்னால் ஒன்றில் ஒன்று கொக்கிபோல் மாட்டும் பித்தளைப் பக்கிள், முதுகுப்பக்கம் சாய்வாக இரண்டு சிறிய பக்கிள். ஆண்டும் செய்தவர் முத்திரையும் பித்தளையிலோ துணியிலோ இருக்கும். இந்தியாவில் நெய்த துணி பிரிட்டனுடையதைவிடக் கரடுமுரடாக இருக்கும். பெல்ட்டிலிருந்து பித்தளையைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டுத் துணியைத் தூக்கி எறிவதைப் பார்க்கிறேன். துணியோடு இருந்தால்தான் மதிப்பு.

பாம்பு வடிவக் கொக்கி பிரிட்டிஷ் பட்டாளத்திலும் இருந்தது, சாரணர் பெல்ட்டிலும் பட்டாளத்தில் இல்லாத சாதாரண ஆட்களின் பெல்ட்டிலும் இருந்தது. பாம்பு மட்டும் சாட்சி ஆகாது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அசல் பெரும்பாலும் இரும்பு அச்சில் அழுத்தி அடித்தது. போலி பெரும்பாலும் அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்தது. வார்ப்பில் சிங்கத்தின் பிடரி மயிர் மழுங்கும், பரப்பில் ஊசிக்குத்துபோல் குழிகள் இருக்கும், விளிம்பில் அரம் ஓடிய தடம் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் ஒரு மயிரிழை குறையும். எனவே ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். பொத்தான் அளவைத் தொழிலில் ‘லைன்’ என்பார்கள், 40 லைன் ஓர் அங்குலம். கோட்டுப் பொத்தான் 30 முதல் 40 லைன், தோள்பட்டைக்கும் சட்டைப்பைக்கும் உள்ளவை அதைவிடச் சிறியவை.

களிம்பையும் நம்ப முடியாது. மாட்டுச் சாணத்திலும் உப்பிலும் புதைத்தால் சில வாரங்களில் பச்சை ஏறும். ஆனால் அது மேலே பூசியதுபோல் ஒரே சீராக இருக்கும். அசலில் வளையத்தின் இடுக்கில் களிம்பு, கைபட்டுத் தேய்ந்த மேட்டில் இல்லை. தேய்மானம் காரணத்தோடு இருக்க வேண்டும்.

‘கொட் மிட் உன்ஸ்’ (கடவுள் நம்மோடு) என்று எழுதிய ஜெர்மன் பக்கிள், அமெரிக்க உள்நாட்டுப் போரின் முட்டை வடிவ ‘யு.எஸ்.’ பக்கிள் இரண்டையும் இங்கே சந்தையில் பார்த்தால் தொட வேண்டாம். இரண்டிலும் அசலைவிடப் போலி மலிந்துவிட்டது. அமெரிக்காவில் டிஃபனி என்ற நகைக்கடையின் பெயர் போட்டு ஒரு பக்கிள் வரிசையையே 20ஆம் நூற்றாண்டில் கற்பனையாக உருவாக்கினார்கள். அவை அசல்தான் என்று காட்டப் பழைய ஆராய்ச்சி நூல்போல ஒரு புத்தகத்தையும் போலியாக அச்சிட்டார்கள். சாமானுக்குச் சான்று காட்டினால், சான்றுக்குச் சான்று கேட்க வேண்டிய தொழில் இது.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. ஓணத்துக்கு முன்னால் குத்துவிளக்கைத் தேய்க்கிற கையோடு பொத்தானையும் தேய்த்துவிடுவது நம் வீடுகளில் நடப்பது. புளியின் அமிலம் களிம்போடு முலாமின் மிச்சத்தையும் கொண்டுபோகும். முலாம் போன பொத்தான் வெறும் பித்தளை. பிராசோ என்ற பித்தளை பாலிஷும் வேண்டாம். பட்டாளக்காரர் தினமும் பிராசோ போட்டாரே என்பார்கள். போட்டார், அதனால்தான் பல சிப்பாய்ப் பொத்தான்களில் சிங்கத்துக்கு முகமே இல்லை. அவர் கணக்கு மறுநாள் பரேடு, நம் கணக்கு வேறு.

சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, உடனே துணியால் ஒற்றி, நிழலில் நன்றாக உலர்த்தினால் போதும். உள்ளே வெற்றிடம் இருப்பதால் இரட்டை ஓட்டுப் பொத்தானை ஊறப்போடக் கூடாது, உள்ளே புகுந்த நீர் வெளியே வராது. இறுகிய மண்ணுக்கு மூங்கில் குச்சி. நீளப் பிளவுள்ள ஒரு பித்தளைத் தகடு கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள், துணியில் பாலிஷ் படாமல் பொத்தானுக்கு அடியில் செருகும் தகடு அது. அதற்கும் சேகரிப்பவர்கள் உண்டு.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் எப்படிப் பாதுகாப்பது?

காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், அமிலமில்லாத தாள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் தோல் பையும் களிம்பை வளர்க்கும். ஈயம் கலந்த பழைய பொத்தான்களை மர அலமாரியில் வைக்காதீர்கள், மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும்.

தோட்டத்தில் தோண்டும்போது கிடைத்தால்? மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா?

கோட்டைப் பக்கம் டிடெக்டரோடு போகவே வேண்டாம். பாலக்காட்டுக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடை எல்லை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டு எல்லை. சொந்தத் தோட்டமாக இருந்தாலும் மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே அறிவிக்கச் சொல்கிறது. கேரளத்துக்கு 1968இல் தனிச் சட்டம் வந்தது. எல்லை உங்கள் தோட்டத்தின் வேலியிலேயே ஓடினால் எந்த மாநிலம் என்று முதலில் பட்டாவைப் பாருங்கள்.

துபாயில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பலாமா?

நூறு ஆண்டு தாண்டியதை அனுப்ப முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் ஏற்றுமதி தடை, தொழிலாக விற்பதற்கு உரிமமும் வேண்டும். நூறாண்டுக்கு உட்பட்டது என்றால் தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கலாம். கூரியர்காரர் ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொன்னால் சுங்கத்தில் வந்து நிற்பவர் அவரில்லை. அதேபோல், பட்டாளச் சின்னத்தைச் சேகரிப்பது குற்றமில்லை. சிப்பாய் என்று பிறர் நம்பும்படி அணிந்து திரிவது குற்றம்.

பட்டாளத்தார் வீட்டில் கேட்டு வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பொத்தானை மட்டும் வாங்காதீர்கள், கூடவே கதையையும் வாங்குங்கள். யாருடையது, எந்த ஊரில் இருந்தார், எந்த வருஷம் பென்ஷன் வந்தார், பெட்டியில் வேறென்ன இருந்தது என்று அந்த வீட்டு அம்மாவோ பெரியவரோ சொல்வதை அப்படியே எழுதி, தேதி போட்டு வையுங்கள். பே புக்கும் டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டும் இருந்தால் அவர்கள் அனுமதியோடு போட்டோ எடுங்கள், வாங்க வேண்டாம். கோட்டிலிருந்து பொத்தானை அறுத்துத் தரச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். கோட்டோடு இருக்கட்டும்.

காந்தம் ஒட்டுகிறது. போலியா?

அப்படிச் சொல்ல முடியாது. பித்தளையில் ஒட்டாது, ஆனால் பின்தட்டை மட்டும் எஃகில் செய்த பொத்தான்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் பக்கிள்கள் பல எஃகிலேயே வந்தன. போர்க்காலத்தில் உலோகம் மிச்சம் பிடிக்கப் பிளாஸ்டிக் பொத்தானும் போட்டார்கள். முன்பக்கம் ஒட்டுகிறதா பின்பக்கமா என்று பிரித்துப் பாருங்கள். பித்தளை என்று சொல்லி விற்ற பொத்தானின் முன் ஓடே ஒட்டினால், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.